ஆங்கிலச் சொற்பாடம்: 'ஸி' வரிசையில் நம் சொற்கள்

ஆங்கிலச் சொற்களை எழுத்து வரிசைப்படி எடுத்துக்கொண்டு அவற்றின் பொருளையும் வழக்கையும் ஆராய்வது இப்பாடத்தின் நோக்கம். இம்முறை 'ஸி' என்னும் எழுத்து. அவ்வெழுத்தில் தொடங்கும் சொற்கள் பல்லாயிரம் உள. அவை அனைத்தையும் இங்கே அளக்க இயலாது. ஆகவே ஒரு சிறு கூட்டத்தை மட்டும் பிரித்தெடுத்திருக்கிறேன். அவை தமிழ்க் கரையிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றவை. அல்லது சென்றவை என்று நம்மிற் பலர் நம்புகின்றவை.

இவற்றை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கலாம். அறியாத சொல்லைக் கண்டால் நாம் அகராதியைப் புரட்டுகிறோம். அறிந்த சொல்லைக் கண்டால் புரட்டுவதில்லை. தேர்விலும் நேர்முகத்திலும் நம்மைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைச் சொல்லே. 'கேட்டமரான்' என்ற சொல்லைப் பார்த்ததும், 'இது நம் கட்டுமரந்தானே' என்று தமிழ் மாணவர் மேலே படித்துக்கொண்டு போய்விடுகிறார். அவருடைய அறை நண்பரான வங்காளி மாணவரோ அகராதியைப் பார்த்துச் சரியான பொருளைத் தெரிந்துகொள்கிறார். ஒரு பெண்ணின் பிறந்த வீட்டை நாம் அறிவோம் என்பதனால், புகுந்த வீட்டில் அவள் எப்படி வாழ்கிறாள் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுமா? சொற்களும் அப்படியே. தமிழிலிருந்து சென்ற சொல்லை ஆங்கிலச் சொல்லாகவே மீண்டும் ஒருமுறை கற்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இத்துறையில் முதலில் கையில் எடுக்க வேண்டிய நூல் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. ஹென்றி யூல், ஏ. ஸி. பர்னல் என்ற இருவர் தொகுத்த இவ்வகராதி 1886-இல் வெளிவந்தது. இவர்களுள் பர்னல் சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர். தென்னாட்டு மொழிகளைக் கற்றவர். இந்தியாவிலும் கீழ்த்திசை நாடுகளிலும் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களை, அவை எழுத்தில் வந்த ஆண்டு வரிசையோடு இந்நூலிற் காணலாம். இதனோடு ஆக்ஸ்போர்டு பேரகராதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

1. எழுத்தும் ஒலியும்

'ஸி' என்பது தனக்கென்று ஓர் ஒலி இல்லாத எழுத்து. ஏ, ஓ, யு என்னும் எழுத்துகளுக்கு முன் அது 'க' என ஒலிக்கும். இ, ஐ, ஒய் என்பவற்றுக்கு முன் 'ஸ' என ஒலிக்கும். 'எச்' பின்னால் வந்தால் பெரும்பாலும் 'ச்ச' போன்ற வல்லொலி பெறும். இதனால் ஒரு பயன் விளைந்தது. தமிழில் ககரத்தில் தொடங்கும் சொற்களும் சகரத்தில் தொடங்கும் சொற்களும் ஐரோப்பியர் ஏட்டில் பெரும்பாலும் இந்த ஓர் எழுத்தின் கீழேயே சென்று சேர்ந்தன. நம் சொற்களைத் தேட ஆங்கில அகராதியில் 'ஸி' வரிசை வளமான இடமாக இருப்பதன் காரணம் இதுவே.

2. கேட்டமரான்

இது கட்டுமரம் என்பதில் ஐயமில்லை. மரங்களைக் கயிற்றால் கட்டிக் கடலில் செலுத்தும் தெப்பம் அது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இப்பெயர் வழங்குவதைக் குறித்திருக்கிறார்.

ஆனால் அதன்பின் சொல் தன் வழியே போயிற்று. 1804-இல் நெப்போலியனின் படகுப் படையைப் பூலோன் துறைமுகத்தில் அழிக்க முயன்ற ஆங்கிலக் கடற்படை, வெடிமருந்து அடைத்த மிதவைப் பெட்டிகளுக்குக் 'கேட்டமரான்' என்று பெயரிட்டது. 1876-இல் அமெரிக்காவில் நதானியல் ஹெரஷாஃப் என்பவர், இரண்டு ஒடுங்கிய படகுகளை இணைத்து 'அமரில்லிஸ்' என்ற பாய்க்கப்பலைக் கட்டினார். நியூயார்க் பந்தயத்தில் அது மற்றவற்றையெல்லாம் முந்திவிடவே, பிற கப்பல்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இந்த இரட்டை உடற் கப்பலுக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகெங்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் விரைவுக் கப்பல்களுள் பல 'கேட்டமரான்' வகையைச் சேர்ந்தவை. அவற்றில் கட்டும் இல்லை, மரமும் இல்லை.

வழக்கு: தமிழ்நாட்டு மீனவர் கேட்டமரானில் கடலுக்குச் செல்கிறார் என்று ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால், வெளிநாட்டு வாசகர் மனத்தில் செல்வர்களின் உல்லாசப் படகு தோன்றும். 'லாக் ராஃப்ட்' என்று விளக்கம் சேர்க்க வேண்டும். அல்லது கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லையே எழுதிப் பொருள் கூற வேண்டும். சண்டைக்காரி என்ற பொருளிலும் இச்சொல் பழைய ஆங்கில நாவல்களில் வரும். அப்போது கடலைத் தேடி அலைய வேண்டாம்.

3. செரூட்

சுருட்டு என்பதே இது. தமிழில் சுருட்டுதல் வினை, சுருட்டு அதனாற் பிறந்த பெயர். ஆங்கிலத்தில் பெயர் மட்டும் சென்றது, வினை செல்லவில்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் எழுத்தில் இது இடம்பெற்றுவிட்டது.

'சிகார்', 'செரூட்' இரண்டையும் ஒன்றென எண்ணலாகாது. இரு முனைகளும் வெட்டித் திறந்திருப்பது செரூட். சிகாரின் ஒரு முனை மூடியிருக்கும்; பிடிப்பவர் அதனை வெட்டிக்கொள்ள வேண்டும். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு ஆங்கில இலக்கியத்திலும் புகுந்திருக்கிறது. கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டின் சாம்பல் என்று கண்டுபிடிக்கிறார்.

4. கர்ரி

தமிழ்க் 'கறி'யிலிருந்து வந்தது. ஆனால் தமிழிலேயே இச்சொல் ஒரே நிலையில் நின்றதில்லை. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. பின்னர் மிளகிட்டுச் சமைத்தது, காய்கறி, இறைச்சி என்றெல்லாம் விரிந்தது. நாம் இன்று வீட்டில் 'கறி' என்பது குழம்பிலிருந்தும் சாற்றிலிருந்தும் வேறானது. ஆங்கிலத்திலோ குழம்பு, கூட்டு, குருமா, வடநாட்டுச் சப்ஜி எல்லாம் ஒரே 'கர்ரி'.

லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் நூலை 1598-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, சோற்றின்மேல் ஊற்றி உண்ணும் இவ்வகைக் குழம்பு குறிக்கப்பட்டது. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதிய சமையல் நூலில் கறி செய்யும் முறை அச்சேறியது. 1810-இல் பாட்னாவிற் பிறந்த ஷேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவுக்கடை ஒன்றைத் திறந்தார்.

இப்போது எச்சரிக்கை. ஸி, யு, ஆர், ஆர், ஒய் என்ற அதே எழுத்துகளால் அமைந்த வேறொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. குதிரையைத் தேய்த்துத் துலக்குதல், தோலைப் பதப்படுத்துதல் என்பன அதன் பொருள். அது பழைய பிரெஞ்சுச் சொல். குதிரை தேய்க்கும் சீப்புக்குக் 'கர்ரிகோம்' என்று பெயர். 'கர்ரி ஃபேவர்' என்ற தொடரும் இதனைச் சேர்ந்ததே. ஃபோவெல் என்பது பிரெஞ்சுக் கதையில் வஞ்சகத்தின் உருவாக வரும் ஒரு குதிரை; அதனைத் தேய்த்துவிடுதல் என்ற தொடர் திரிந்து, முகத்துதி செய்து காரியம் சாதித்தல் என்ற பொருள் பெற்றது. ஆசிரியருக்குக் கறிச்சோறு படைத்து நல்லெண்ணம் பெறுதல் என்று உரை சொன்னால் நகைப்புக்கு இடமாகும். ஏறத்தாழ 1390-ஐச் சேர்ந்த 'ஃபார்ம் ஆஃப் க்யூரி' என்ற பழைய ஆங்கிலச் சமையல் நூலையும் நம் கறிக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அங்கே 'க்யூரி' என்பதற்குச் சமையற்கலை என்றே பொருள். அதுவும் பிரெஞ்சு வழி வந்தது.

5. கேஷ்

நம் காசுதான் ஆங்கிலக் 'கேஷ்' என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. 'கேஷ்' என்ற வடிவில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உண்டு.

முதலாவது, நாம் அன்றாடம் வழங்குவது. ரொக்கம் என்பது பொருள். இது பெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. பணப்பெட்டியைக் குறித்த சொல் பிறகு பெட்டியிலிருந்த பணத்தைக் குறித்தது. நம் காசுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, சிறு நாணயம் ஒன்றின் பெயர். இதுவே நம் காசு. போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. சென்னையில் 1818 வரை இருந்த முறைப்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. நடுவில் சதுரத் துளையுள்ள சீன நாட்டுச் செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இதே பெயரால் அழைத்தனர். இன்று வரலாற்று நூல்களிலும் நாணயவியலிலும் மட்டுமே இது வாழ்கிறது.

இலக்கணத்திலும் இரண்டும் வேறு. ரொக்கப் பொருளில் கேஷ் எண்ண இயலாதது. 'மச் கேஷ்' எனலாம். 'மெனி கேஷ்' என்றால் பிழை. நாணயப் பொருளில் எண்ணலாம். ஆனால் பன்மையிலும் வடிவம் மாறாது. காசோலையை மாற்றிப் பணம் பெறுதல் 'கேஷ் எ செக்'. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிவிட்டு 'பெய்ட் இன் கேஷ்' என்று எழுதுவது சரியன்று. நோட்டாகவோ நாணயமாகவோ கையிற் கொடுத்தால்தான் அத்தொடர் பொருந்தும்.

இதன் அக்கம்பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பாருங்கள். பணம் வாங்கும் 'கேஷியர்' முதற் சொல்லின் உறவு. படை அதிகாரியை இழிவுபடுத்திப் பதவியினின்று நீக்குதலும் 'கேஷியர்' எனப்படும். அது டச்சு வழி வந்த வேறு வினை. 'கேஷ்யூ' என்னும் முந்திரி பிரேசில் நாட்டுப் பழங்குடிச் சொல், போர்த்துகீசியர் கொணர்ந்தது. 'கேஷ்மியர்' என்னும் மென்கம்பளி காஷ்மீரத்தின் பெயர். முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாயிருப்பதால் குலம் ஒன்றாகிவிடுவதில்லை.

6. மேலும் சில

'கான்ஜி' நம் கஞ்சி. 1563-இல் கோவாவில் கார்சியா த ஓர்த்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் அச்சிட்ட நூலிலேயே இது நோயாளிக்குரிய உணவாக வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல் முதன்மையாகச் சீனர் உண்ணும் அரிசிக் கஞ்சியைக் குறிக்கும். பழைய பட்டாளத்து ஆங்கிலத்தில் 'கான்ஜி ஹவுஸ்' என்பது காவற்கொட்டடி; அங்கே கிடைத்த உணவு அது. இதே வடிவில் வணங்கி விடைபெறுதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல் ஒன்றும் உண்டு, அது பிரெஞ்சு.

'கொரண்டம்' என்பது குருந்தம் என்னும் கல். வடமொழியில் குருவிந்தம் என்பர். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்; மோஸ் கடினத்தன்மை அளவில் 9. வைரத்திற்கு அடுத்தபடி நிற்பது. மாணிக்கமும் நீலமும் இக்கனிமத்தின் வகைகளே. நிலவியல் மாணவர்கள் நாள்தோறும் சொல்லும் இச்சொல் பொருள் மாறாமலே பயணம் செய்திருக்கிறது. அவ்வகையில் இது அரியது.

'காயர்', 'கொப்ரா' என்னும் இரண்டையும் தமிழ்ப் பட்டியலில் சேர்க்க ஆவல் எழும். கயிறும் கொப்பரையும் நம் வீட்டுச் சொற்களே. ஆயினும் ஆங்கிலம் அவற்றைப் பெற்றது மலையாளக் கரையில். உடன்பிறந்தாள் கொடுத்த பொருளுக்கு அவள் பெயரையே எழுதுவோம்.

7. போலி உறவுகள்

'கூல்' என்பது குளிர் என்பதிலிருந்து வந்தது என்று விடுதியில் வாதிட்ட இளைய மாணவர் ஒருவருக்கு நான் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவை உங்களுக்கும் உதவும்.

முதலாவது: அச்சொல் ஆங்கிலத்தில் எப்போது முதலில் எழுதப்பட்டது? இரண்டாவது: யார் கையால், எந்த வழியில் சென்றது? மூன்றாவது: சென்ற காலத்தில் இரு மொழியிலும் பொருள் ஒன்றாக இருந்ததா?

'கூல்' என்ற சொல் ஆங்கிலத்தின் மிகப் பழைய காலத்து நூல்களிலேயே உள்ளது. ஆங்கிலேயர் இந்தியக் கரையைக் காணப் பல நூற்றாண்டுகள் இருந்தன. ஜெர்மன், டச்சு மொழிகளில் அதற்கு உடன்பிறந்த சொற்கள் உள்ளன. ஆகவே முதற் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. 'காட்' என்னும் கட்டில் இந்தியின் 'காட்' வழியாக ஆங்கிலத்திற்குச் சென்றது. அந்த வடசொல்லுக்கும் தமிழ்க் கட்டிலுக்கும் உள்ள பழைய உறவு அறிஞர்கள் ஆராயும் வேறொரு கேள்வி. அதனை ஆங்கிலத்தோடு முடிச்சிடக் கூடாது.

இப்படிக் கண்டிப்பாக இருப்பதால் தமிழுக்குக் குறைவு நேர்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பத்துச் சொற்களைக் காட்டி அவற்றுள் நான்கு பொய்யென்று தெரிந்தால், மற்ற ஆறையும் யாரும் நம்பமாட்டார்கள். வேற்று மாநிலத்தில் பல மொழியாரோடு படிக்கின்ற நமக்கு இது முக்கியம். நாம் சொல்வதைச் சரிபார்க்கக்கூடியவர்கள் அடுத்த மேசையிலேயே இருக்கிறார்கள்.

8. கூலி

இவ்வரிசையில் மிகவும் கவனத்துடன் கையாள வேண்டிய சொல் இது. இதன் பிறப்பைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. குஜராத்தில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கலந்திருக்கலாம் என்று கருதுவாரும் உளர். இதுவரை கிடைத்த சான்றுகளைக் கொண்டு ஒரு பக்கம் முடிவு கட்டுவது முறையன்று.

ஆனால் பொருள் வேறுபாட்டைப் பற்றி ஐயமே இல்லை. தமிழில் கூலி என்பது ஊதியம். உழைத்தவருக்குச் சேர வேண்டிய உரிமை. 619-ஆம் குறளில் வள்ளுவர் இச்சொல்லை முயற்சிக்குக் கிட்டும் பயன் என்ற உயர்ந்த பொருளில் ஆள்கிறார். வேலை செய்பவரைக் குறிக்க வேண்டுமானால் கூலியாள், கூலிக்காரர் என்று ஒட்டுச் சேர்த்துச் சொல்வதே மரபு. ஆங்கிலத்திலோ அந்தச் சொல் ஆளையே குறிக்கும். ஊதியம் மறைந்துவிட்டது, மனிதன்மேல் பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒட்டியதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை பிறந்தது. அவ்வாண்டே மொரீஷியஸுக்குக் கப்பல் சென்றது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து சென்ற தொழிலாளர்களை நேட்டால் நாட்டு டர்பன் துறையில் இறக்கியது. கப்பற் பதிவுகளிலும் சட்டங்களிலும் இவர்களுக்கு எழுதப்பட்ட பெயர் 'கூலி'.

காலப்போக்கில் தென்னாப்பிரிக்காவில் எல்லா இந்தியரும் 'கூலி' ஆயினர். வணிகர் 'கூலி வணிகர்'. 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்'. இதனை அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தமிழ்ப் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி' என்பதும் அங்கே ஏளனப் பெயராக வழங்கியதை அவர் குறிப்பிட்டு, அதற்குத் தலைவன் என்று பொருள் என விளக்குகிறார். 1894-இல் முதலாளியிடம் அடிபட்டு இரத்தம் ஒழுக அவரைத் தேடி வந்த பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. அந்தச் சொல்லின் பாரத்தை முதுகிற் சுமந்தவர் அவர் போன்றோரே.

ஆகையால் வழக்கு இவ்வாறு: வரலாற்றைக் கூறும்போதும், முல்க் ராஜ் ஆனந்த் 1936-இல் வெளியிட்ட 'கூலி' என்னும் நாவலைப் போன்ற நூற்பெயர்களைச் சொல்லும்போதும் இச்சொல்லை எழுதலாம். உயிரோடு நம்முன் நிற்கும் ஒருவரை ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பது கூடாது. தென்னாப்பிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இது கடுமையான வசை. நம் ரயில் நிலையங்களில் 'போர்ட்டர்' எனலாம். 2016-இல் ரயில்வே துறை அவர்களுக்குச் 'சகாயக்', அதாவது உதவியாளர், என்ற பெயரை அறிவித்தது. தமிழில் மட்டும் கூலி என்ற சொல்லை நாம் நாணாமல் வழங்கலாம். குறைந்த கூலி, கூலி உயர்வு என்று எழுதலாம். அங்கே அது இன்னும் உழைப்பின் விலையையே குறிக்கிறது.

9. பயிற்சி

கீழ்வருவனவற்றைத் திருத்துக. விடையைப் பார்க்குமுன் எழுதிப் பாருங்கள்.

அ. 'கர்ரி ஃபேவர்' என்ற தொடர் இந்தியச் சமையலிலிருந்து பிறந்தது.
ஆ. கேட்டமரான் என்றால் எப்போதும் மரங்களைக் கட்டிய தெப்பமே.
இ. 'ஹவ் மெனி கேஷ் டு யூ ஹேவ்?' என்று நண்பரின் கையிருப்பைக் கேட்கலாம்.
ஈ. 'காயர்' ஆங்கிலத்திற்குத் தமிழ் தந்த சொல்.
உ. கட்டடம் கட்டுவோரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில் 'கூலி' என்று எழுதுவது இயல்பு, ஏனெனில் அது நம் சொல்.

விடைகள்: அ. குதிரையைத் துலக்கும் பிரெஞ்சு வழிச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆ. இன்று பெரும்பாலும் இரட்டை உடற் கப்பல். இ. 'ஹவ் மச் கேஷ்' என்க. ஈ. மலையாளம் தந்தது. உ. 'ஒர்க்கர்' அல்லது 'லேபரர்' என்று எழுதுக. அவர்களுக்குக் கொடுப்பதை 'வேஜஸ்' என்று எழுதுக. தமிழில் கூலி என்பது அதுவே.